ஆர் வந்தது? கரம்பொன் அலுமாரி ஒன்றில் இருந்த சென்ற் போத்தல்கள்

போன பல்கலைக்கழக விடுமுறைக்கு நாங்கள் ஐந்து பேர் கரம்பொன்னுக்குப் போனோம். எங்களில் ஒருவனின் அம்மம்மா வீடு அங்கேதான். பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, சரவணை, நாரந்தனை என்று பஸ் போகப் போக ஆள் இருக்கிற வீடுகள் குறைந்துகொண்டே வரும். ஒரு வளவில் உடுப்புக் காயும். பக்கத்து மூன்று வளவிலும் கூரையில்லாத சுவருக்குள் வேம்பு நிற்கும்.

போன காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சென்ற் பங்குபோடப் போனோம்.

கலைப்பீடத்தில் நாங்கள் நாலு பெடியளும் ஒரு தோழியும் இரண்டு வருடமாக இதைச் செய்கிறோம். நல்ல சென்ற் ஒன்று முழுப் போத்தலாக வாங்க மகாபொலக் காசு காணாது. அதனால் ஐந்து பேர் காசு சேர்த்து ஒன்றை எடுப்போம். ஊசி போடுகிற சிறிஞ்சால் உறிஞ்சி, பத்து மில்லி பத்து மில்லியாகச் சின்னச் சின்ன ஸ்பிறே போத்தல்களில் பிரிப்போம். மிச்சம் அடுத்த தடவை காசு குறைவாகப் போட்டவருக்கு. யாரிடம் எது இருக்கிறது, எது வெயிலில் கெட்டுப்போனது, எது விரிவுரை மண்டபத்தில் பக்கத்தில் இருந்தவருக்குத் தலையிடி தந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். உலகம் முழுக்க இப்படிச் சேர்க்கிற, மாற்றுகிற, சண்டைபிடிக்கிற ஆண்கள் கனபேர் இருக்கிறார்கள். நாங்கள் அதில் கடைசி வாங்கில்.

அம்மம்மா வீட்டு விறாந்தையில் ஒரு கண்ணாடி அலுமாரி. கலியாணப் படம், பள்ளிக்கூடக் கிண்ணம், கண் மூடித் திறக்கிற வெளிநாட்டுப் பொம்மை, அதற்குப் பின்னால் ஏழு சென்ற் போத்தல்கள். பச்சைக் கண்ணாடியில், கழுத்தில் சங்கிலியும் வெள்ளிப் பதக்கமும் தொங்குகிற ஒன்றை நண்பன் எடுத்தான். புரூட். கால்வாசிதான் மிச்சம். மூடியைத் திருகி இரண்டு சொட்டு கையில் தேய்த்தோம். லவெண்டரும் ஏதோ பழைய பவுடரும் கலந்த மணம் விறாந்தையெல்லாம் நிரம்பியது.

குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது: "ஆர் வந்தது?"

"ஒருத்தரும் வரேல்லை அம்மம்மா."

"பொய் சொல்லாதேங்கோ பிள்ளையள். வெளிநாட்டு ஆள் வந்த மணம் மணக்குது."

நாங்கள் அந்த நேரம் சிரித்தோம். இரவு படுக்கும்போதுதான் அந்தக் கேள்வி உறைத்தது. எங்களுக்கு ஒரு சென்ற் என்றால் அதன் பெயர், செய்த நிறுவனம், எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்பதுதான். அம்மம்மாவுக்கு அது ஒரு ஆள் வந்துசேர்ந்த செய்தி. கரம்பொன்னில் ஆண்களின் சென்ற் எப்போது, எப்படி அந்த அர்த்தத்துக்கு வந்தது? அடுத்த இரண்டு நாளும் சென்ற் பிரிக்கிற வேலையை விட்டுவிட்டு அலுமாரியைத்தான் பிரித்தோம்.

முதலில் ஒரு பழைய வாதத்தை முடித்துவிடுவோம். "ஆம்பிளைக்கு என்னத்துக்கு உது?" என்று எங்களிடம் கேட்காத சொந்தக்காரர் இல்லை. வாசனை பெண்களின் விஷயம் என்கிற நினைப்பு தமிழில் அவ்வளவு பழையது இல்லை. புறத்திணைகளின் பெயர்களைப் பாருங்கள்: வெட்சி, கரந்தை, வஞ்சி, நொச்சி, தும்பை, வாகை. எல்லாம் போருக்குப் போன ஆண்கள் சூடியதாகச் சொல்லப்படும் பூக்கள். மாடு கவரப் போனவன் ஒரு பூ, மீட்கப் போனவன் இன்னொரு பூ. மார்பில் சந்தனம் பூசிய தலைவன் சங்கப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருவான். இந்த நிலத்தையும் பூவையும் பற்றி 1966 இல் 'லாண்ட்ஸ்கேப் அண்ட் பொயற்றி' என்று ஆங்கிலத்தில் புத்தகம் எழுதிய தனிநாயகம் அடிகள் 1913 இல் பிறந்தது இதே கரம்பொன்னில்தான். அவரை உலகத் தமிழ் மாநாட்டோடு மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். பூவைப் பற்றியும் யோசித்த மனுஷன் அவர்.

பிற்காலத்தில் ஆண்களின் வாசனை கூட்டத்தில் நடக்கிற காரியமாக இருந்தது. கலியாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்பால் தெளிப்பார்கள், சந்தனத் தட்டை நீட்டுவார்கள். அது வந்தவரை ஏற்றுக்கொண்டோம் என்பதற்கான அடையாளம். ஏற்றுக்கொள்ளாதவருக்குத் தெளிப்பதில்லை. இதை மறைத்துப் பேசுவது நேர்மை இல்லை. கோயிலுக்குள்ளே போகவே விடாதபோது ஐயர் கையால் சந்தனம் எங்கே கிடைக்கும்? 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடத்திய ஆலயப் பிரவேசப் போராட்டம் இந்தச் சந்தனத்துக்கும் சேர்த்துத்தான் என்று நாங்கள் வாசிக்கிறோம். யார் மணக்கலாம் என்பது எங்கள் ஊரில் எப்போதும் யாரோ தீர்மானித்த விஷயம்.

சரி, அலுமாரிக்கு வருவோம். அதில் ஆகப் பழையது விரல் நீளக் கண்ணாடிக் குப்பி. அடைப்பு இறுகி, உள்ளே பிசின் மாதிரி ஏதோ காய்ந்து கிடக்கிறது. அத்தர் என்றார் அம்மம்மா. அப்பப்பா, அதாவது நண்பனின் அம்மாவின் அப்பா (நாங்கள் எல்லோரும் அவரை அப்பப்பா என்றே சொல்லிப் பழகிவிட்டோம்), யாழ்ப்பாணம் போனால் சோனகத் தெருப் பக்கம் ஒரு கடையில் வாங்குவாராம். அத்தர் என்பது மதுசாரம் கலக்காத வாசனை. பூவையோ வேரையோ நீரில் காய்ச்சி, வருகிற ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவது பழைய முறை. வட இந்தியாவில் கன்னோஜ் என்ற ஊர் அதற்குப் பேர்போனது. சின்னத் துளி காணும், நாள் முழுக்க நிற்கும். காதுமடலுக்குப் பின்னால் வைப்பார்கள், சிலர் பஞ்சில் தோய்த்துக் காதுக்குள் செருகுவார்கள்.

"பிறகேன் வாங்கேல்லை?" என்று கேட்டோம். "வித்தவை இல்லையே பிள்ளை," என்றார்.

1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் ஓரிரு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். நகைகளையும் காசையும் வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்பினார்கள். நாங்கள் வாசனையின் வரலாறு என்று தொடங்கி இந்தக் குப்பியில் வந்து முட்டிக்கொண்டோம். அத்தர் பழக்கம் நாகரிகம் மாறியதால் மெல்ல மறைந்தது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். இந்த வீட்டில் அது மறைந்தது கடைக்காரரை ஊரைவிட்டுத் துரத்தியதால். எங்கள் வயதுக்காரரின் வீடுகளில் இதைப் பேசுவது குறைவு. பேசவேண்டும்.

அடுத்தது வெள்ளைக் கண்ணாடிப் போத்தல், பாய்க்கப்பல் படம் போட்டது. வெறும் போத்தல். ஓல்ட் ஸ்பைஸ். அமெரிக்காவின் ஷுல்ட்டன் நிறுவனம் முதலில் 1937 இல் பெண்களுக்கென்று அந்தப் பெயரில் வாசனை விட்டது. அடுத்த வருடம் ஆண்களுக்கென்று விட்டது, அதுதான் நிலைத்தது. கப்பல் படம் ஒரு வியாபார யோசனை. ஆனால் ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்தக் கப்பலைப் பார்க்க வேறு மாதிரி இருந்தது. 'கேய்ற்ஸ்' என்ற பெயரே துறையைக் குறிக்கிற போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்தது. யானை ஏற்றுமதி நடந்த துறை இது. நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12 ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகரைப் பற்றிப் பேசுகிறது. யானை, குதிரை கொண்டுவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் அரைப்பங்கு அரசுக்கு என்று கணக்கே எழுதியிருக்கிறது. வெளியிலிருந்து பொருள் வருவதும், அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பதும் இந்தக் கடற்கரைக்குப் புதிதில்லை. எங்கள் சிறிஞ்சுக்கு இதைவிட நல்ல பூர்வீகம் கிடைக்காது.

அந்தக் கப்பல் போத்தல் கப்பலில் வரவில்லை, தெற்கிலிருந்து ரயிலில் வந்தது. தீவுப்பகுதி ஆட்கள் பரம்பரையாக வெளியூர்களில் கடை வைத்தவர்கள். கொழும்பிலும் அதற்கு அப்பாலும் சிங்கள ஊர்களிலும் பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை, சுருட்டுக் கடை. அப்பப்பாவும் தெற்கில் ஒரு கடையில் கணக்குப் பார்த்தவர். 1970 முதல் 77 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலம். வெளிநாட்டுச் சென்ற் சாதாரண ஆளுக்கு எட்டாது. (அதே கட்டுப்பாட்டால்தான் எங்கள் பக்கத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலை ஏறித் தோட்டக்காரர் நிமிர்ந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.) 1977 இல் ஆட்சி மாறிச் சந்தை திறந்ததும் கடைகள் வெளிநாட்டுச் சாமானால் நிரம்பின. கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த கடைக்காரர்கள் ஓல்ட் ஸ்பைஸ் பூசிக்கொண்டு வந்தார்கள். யாழ்ப்பாண நகரத்தில் 'தீவான்' என்று இளக்காரமாகச் சொல்கிற வாய்களுக்கு முன்னால் அந்த மணம் ஒரு பதில்.

அதற்கு முன் வீட்டில் இருந்த ஒரே சீமைச் சென்ற் ஓடிக்கொலோன். ஆனால் அதை யாரும் அழகுக்குப் பூசவில்லை. காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத் துணியோடு போடுவது, செத்தவீட்டில் தெளிப்பது. பிணத்து மணம் என்று அம்மம்மாவுக்கு இன்றும் அது பிடிக்காது. 1709 இல் ஜேர்மனியின் கொலோன் நகரில் அதை விற்கத் தொடங்கிய ஃபரீனா இத்தாலியிலிருந்து குடிபெயர்ந்தவர். தன் ஊரின் வசந்தகாலக் காலையை நினைவூட்டும் வாசனை ஒன்றைக் கண்டுவிட்டதாகச் சகோதரனுக்குக் கடிதம் எழுதியவர். நவீன ஆண்களின் சென்ற் வரலாற்றின் தொடக்கத்திலேயே ஊரைவிட்டுப் போன ஒருவன் நிற்கிறான். எங்கள் அலுமாரியின் நடுவிலும் அப்படி ஒருவர்தான் நிற்கிறார்.

அவர் பச்சைப் புரூட்டைக் கொண்டுவந்த மாமா. எப்போது வந்தது என்று போத்தலில் ஒரு திகதியும் இல்லை. அம்மம்மாவிடம் இருந்தது: "லைபிறரி எரிஞ்சதுக்கு அடுத்த வருசம்." அப்படியென்றால் 1982. மாமா குவைத்தில் வேலை. முதல் லீவில் வந்து முற்றத்தில் பெட்டியைத் திறந்தாராம். சவர்க்காரம், ரேப் றெக்கோடர், சாறி, இந்தப் போத்தல். புரூட் 1964 இல் வந்தது. லவெண்டர், பாசி மணம், புதுவைக்கோல் மணம் சேர்கிற இந்தக் குடும்பத்துக்குப் பிரெஞ்சில் 'ஃபூஷேர்' என்று பெயர், பன்னம் என்று அர்த்தம். 1882 இல் ஹுபிகாங் நிறுவனம் விட்ட 'ஃபூஷேர் றுவாயால்' அதற்கு மூலம். ஆய்வுகூடத்தில் செய்த கூமரின் என்ற பொருளை வாசனையில் துணிந்து போட்டது அது. சலூனில் ஷேவ் எடுத்தபிறகு வருகிற மணத்தை உலகம் முழுக்க 'ஆம்பிளை மணம்' என்று ஆக்கியது இந்தக் குடும்பம்தான். அம்மம்மாவின் மூக்கில் அது 'வெளிநாட்டு ஆள்' என்று பதிந்தது 1982 இல், இந்த விறாந்தையில்.

பிறகு 1983. தெற்கில் கடை போனது. 1958, 1977 இல் எரித்தபோது திரும்பப் போனவர்கள் இந்த முறை போகவில்லை. பிள்ளைகள் சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ் என்று போனார்கள்.

1990 இல் மூன்று விஷயம் நடந்தது. நாங்கள் கொப்பியில் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். ஓல்ட் ஸ்பைஸை புறொக்டர் அன்ட் காம்பிள் வாங்கியது. பிரான்ஸின் வெர்சாய் நகரில் ஒஸ்மொதெக் என்ற வாசனைக் காப்பகம் திறந்தது. கடையில் இல்லாமற்போன வாசனைகளை இருட்டில், 12 பாகை குளிரில், போத்தலுக்குள் ஆர்கன் வாயு நிரப்பி அங்கே காக்கிறார்கள். ஓகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதியைக் கைப்பற்ற, கரம்பொன் உட்படத் தீவுகளின் சனம் கையில் அகப்பட்டதோடு ஓடியது. அம்மம்மா அலுமாரியைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு போனார். போத்தல்களைச் சீலையில் சுற்றி அரிசி வாளிக்குள் வைத்துக் கொண்டுபோனார். ஏன் என்று கேட்டதற்கு, "அலுமாரியைத் தூக்க ஏலாதெல்லோ" என்றார்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களின் மணம் வேறு. பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை, மோட்டார்சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. கொஞ்சப் பெற்றோலைச் சின்னப் போத்தலில் வைத்திருந்து ஸ்ராட் எடுக்க மட்டும் விடுவார்கள். சவர்க்காரம் தட்டுப்பாடு. பனங்காயைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். கொடியில் காயப்போட்ட சேட்டை மாடு வந்து சப்பிப்போடும், அதில் பனங்காய் மணம் என்பதால். அம்மம்மா இதைச் சொல்லிச் சிரித்தார். எங்கள் தோழிதான் கேட்டாள், அந்தக் காலம் யாராவது சென்ற் பூசினார்களா என்று. சிரிப்பு நின்றது. "பூசினால் எல்லாரும் பாப்பினம். காசு வருகுது எண்டு தெரிஞ்சிடும்."

இந்த இடத்தில் தோழி இன்னொன்றும் சொன்னாள், அது எங்கள் நாலு பேருக்குமானது. பெடியன் சென்ற் அடித்தால் ஸ்ரைல். அவள் அடித்தால் "எங்கை வெளிக்கிட்டனி?" அவளுடைய பங்குப் போத்தல்கள் இன்றும் அவள் வீட்டில் இல்லை, எங்களில் ஒருவனின் றூமில்தான் இருக்கின்றன. நாங்கள் இதைப் பொழுதுபோக்கு என்று சொல்லுகிற அளவுக்கு அவளால் சொல்ல முடியாது.

மிச்ச நாலு போத்தலும் ஒரே காலத்துக்குரியவை. 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு, சுவிஸ் பிள்ளைகள் பாஸ்போட் கிடைத்து முதல் தடவையாக வரத்தொடங்கிய காலம். இரண்டு டேவிடோஃப் கூல் வோட்டர், ஒரு சிகே வன், இன்னொன்று பெட்டி பிரிக்காதது. கூல் வோட்டர் 1988 இல் வந்து கடல், குளிர், சுத்தம் என்று ஆண்களின் வாசனையின் போக்கையே மாற்றியது. கடல் சூழ்ந்த தீவுக்கு ஐரோப்பாவிலிருந்து போத்தலில் கடல் மணம் வந்திருக்கிறது. உண்மையான கரம்பொன் கடல் கருவாடும் சேறும் பாசியுமாக மணக்கும், அதைப் போத்தலில் அடைத்தால் யாரும் வாங்கமாட்டார்கள். சேகரிக்கிறவர்கள் இப்படிப்பட்ட பழைய போத்தலுக்குத் தவமிருப்பார்கள். ஒவ்வாமைக் கட்டுப்பாடுகளால் சில மூலப்பொருட்கள் குறைக்கப்பட்டு, பெயர் அதே இருக்க உள்ளே மணம் மாறிவிடும் என்பதால். எங்களில் ஒருவன் பிரிக்காத பெட்டியை ஆசையோடு தூக்கினான். நல்ல விலை போகும் என்றும் சொல்லிவிட்டான்.

அது யாருக்கு வந்தது என்று அம்மம்மா அப்போதுதான் சொன்னார். அவருடைய தங்கச்சியின் மகனுக்கு. சுவிஸ்காரர் தன் வயதுத் தம்பிமார் எல்லோருக்கும் ஒன்றொன்று வாங்கி வந்தார், ஒரு பேரைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டார். அந்தத் தம்பி 1990 ஓகஸ்டில் பிடிக்கப்பட்டவர். மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பக்கம் அந்த நாட்களில் கொண்டுபோன பெடியள் எங்கே என்று குடும்பங்கள் இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. பெட்டியைத் தங்கச்சியிடம் கொடுக்கவும் மனம் வரவில்லை, வேறு யாருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லை. அலுமாரியில் வைத்தார்.

பெட்டி இருந்த இடத்துக்கே போனது. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

அன்று இரவு எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். திறக்காத போத்தலும் வெயிலிலும் சூட்டிலும் மெல்லக் கெட்டுப்போகும், அந்த விறாந்தை ஒஸ்மொதெக் இல்லை, ஆகவே திறந்து மணத்தையாவது குறித்துவைக்க வேண்டும் என்றான் ஒருவன். பெட்டியில் விலைச் சீட்டு, கடையின் பெயர், மொழி எல்லாம் இருக்கிறது, அதுவே மூலாதாரம், தொடக்கூடாது என்றாள் தோழி. நாங்கள் வாக்கெடுப்புக்கே போனோம். மூன்றுக்கு இரண்டாகத் தோழியின் பக்கம் வென்றது. தோற்ற இருவரில் ஒருவன்தான் இந்தக் கட்டுரையின் முதல் வரைவை எழுதினான், அதனால் அவனுடைய வாதத்தையும் நியாயமாகவே பதிந்திருக்கிறோம் என்று நம்புகிறோம்.

எங்களுக்குத் தெரிந்தவரை அந்த அலுமாரியில் இருக்கிற ஏழில் ஐந்து யாரோ ஒருவர் வந்தபோது கொடுத்தது. அத்தரையும் ஓல்ட் ஸ்பைஸையும் தவிர ஒன்றையும் அந்த வீட்டு ஆண்கள் தாங்களே மணந்து பார்த்து, பிடித்து, காசு கொடுத்து வாங்கவில்லை. வெளிநாட்டில் ஆள் இல்லாத வீட்டு அலுமாரியில் அந்த வரிசையே இருந்திருக்காது. எங்கள் சிறிஞ்சும் கொப்பியும் அந்த இடத்தில்தான் வித்தியாசப்படுகின்றன. யாரும் வராமலே மணக்கிற முதல் தலைமுறை நாங்கள். அம்மம்மாவின் மூக்கு அதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

வெளிக்கிடுகிற காலையில் நண்பன் தன் பங்குப் பத்து மில்லியை அலுமாரியில் எட்டாவதாக வைத்தான். சீட்டு ஒட்டி, சென்ற்றின் பெயர், திகதி, பிரித்த ஐந்து பேரின் பெயர் எல்லாம் எழுதினோம். அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார்.

"உதென்ன, மருந்துப் போத்தலோ? சாப்பாட்டுக்கு முதலோ பிறகோ?"